மாமாவின் கையில் சேறு

நான் நடுவராக நின்ற முதல் ஆட்டத்தில் ஆடிய அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஒரு பக்கம் அப்பாவின் ஊர், இன்னொரு பக்கம் அம்மாவின் ஊர். விசில் என் கைக்கு வந்ததே அதனால்தான்.

வில்லியனூர்ப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் ஊரில், மாதா கோயில் தேர் கிளம்புகிற நாளில், பகலெல்லாம் கால்பந்துதான். அறுப்பு முடிந்த நெல்வயல்தான் மைதானம். சவுக்குக் கம்புதான் கோல் போஸ்ட். பரிசு ஓர் ஆடு. ஜெயித்த ஊர் அதைப் பிரியாணி போட்டுத் தோற்ற ஊரைக் கூப்பிட வேண்டும். தோற்ற ஊர் மறுக்காமல் வந்து சாப்பிட வேண்டும். சாப்பிடுவதுதான் தண்டனை. "இன்னா, போதுமா? இன்னொரு கோல் வெக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் இலையில் கறி விழும். சில வருஷங்களாக அந்தத் தண்டனையை அனுபவித்துவந்தது பாகூர்ப் பக்கத்து அம்மாவின் ஊர். நான் ஊதிய வருஷம் ஆட்டை விடுவதில்லை என்று அவர்கள் கேப்டன் சபதம் போட்டிருந்தார். கேப்டன் அம்மாவின் தம்பி, என் மாமா. அவரை நம்பி அத்தை காலையிலேயே பிரியாணி மசாலா அரைத்துவைத்துவிட்டார்.

மாமா தடுப்பாட்டக்காரர். பந்தைத் தடுப்பதைவிட நடுவரைத் தடுப்பதில் கெட்டிக்காரர். முந்தைய வருஷம் டவுனிலிருந்து வந்த பி.டி. மாஸ்டர் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் மாமா அவர் கூடவே நடந்து நியாயம் கேட்டதில், இடைவேளையில் மாஸ்டர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதனால் அந்த வருஷம் நடுவராக நிற்க யாரும் வரவில்லை.

வெளியாள் கிடைக்காவிட்டால் இரண்டு ஊருக்கும் உறவான ஆளை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தப் பக்கம் ஓரவஞ்சனை செய்தாலும் மறுபக்கத்தில் சோறு கிடைக்காது என்பது அதில் இருக்கும் நியாயம். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கு அந்த நிமிஷமே முட்டி வலி வந்துவிட்டது.

"எனக்கு வேணாம்பா. நான் எப்டி ஊதுனாலும் எவனாவது ஒருத்தன் மூஞ்ச தூக்கிக்குவான். இவள நிக்க வைங்க. ரெண்டு ஊரு ரத்தமும் இவகிட்டதான் இருக்குது. டிவில ரெஃப்ரிய திட்டிகினே இருக்கறா."

நான் அப்போது ஏழாம் வகுப்பு. ஆட்ட விதிகளைப் போனில் படித்து மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஊறுகாய் பாட்டிலையும் கரண்டியையும் நகர்த்தி ஆஃப்சைடு விளக்குவேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். "ஊதட்டும்பா, நம்ம பாப்பாதான" என்று முதலில் சம்மதித்ததும் அவர்தான்.

முதல்நாள் பெய்த மழையில் வயல் சேறாகக் கிடந்தது. பந்து போன இடமெல்லாம் நானும் ஓடினேன். ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். த்ரோ எறியும் முறையை நான் விளக்கி முடிப்பதற்குள், கரும்புத் தோட்டத்துக்குள் போன பந்தைத் தேடி எடுத்துவந்து காத்திருந்தார்கள்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். இன்னும் கோல் இல்லை. எங்கள் சித்தப்பா கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தார். குறுக்கே விழுந்த மாமாவின் மேல் பட்டுப் பந்து வெளியே தெறித்தது. பட்டது கையில். நான் யோசிப்பதற்கு முன்பே விசில் ஊதிவிட்டது. பெனால்டி என்று கையைக் காட்டிவிட்டேன்.

மாமாவின் ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் இது என்றார் ஒருவர். இன்னொருவர் விசிலைக் கேட்டுக் கையை நீட்டினார். அப்பாவைத் தேடினேன், அவர் ஆட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். எனக்கு ஒரு விதியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"இன்னாத்துக்கு ஊதுன?"

"கையில பட்டுது மாமா."

"மாமாவெல்லாம் வூட்ல வச்சிக்கோ. எங்க பட்டுது, காட்டு."

முழங்கைக்குக் கீழே தொட்டேன். சேறு இருந்தது. "இதோ, பந்து பட்ட சேறு" என்றேன்.

மாமா கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களும் கத்துவதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"இருக்குதுடா," என்றார் மாமா. "தள்ளுங்க. ஊதிட்டா இல்ல?"

அவரே பந்தை எடுத்துவந்து, கரைந்துகொண்டிருந்த பிளீச்சிங் பவுடர் பெனால்டிப் புள்ளியில் வைத்தார். சித்தப்பா கோல் போட்டார். ஆடு எங்கள் ஊரிலேயே நின்றது.

மறுநாள் பந்தியில் மாமா எல்லாக் கிண்டலையும் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை கேட்டுச் சாப்பிட்டார். உப்பு கம்மி என்றார். பாப்பா கன்னுக்குட்டி மாதிரி பந்து பின்னாலேயே ஓடுகிறாள் என்றார். பெனால்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. அரைத்த மசாலா வீணாகக்கூடாது என்று அத்தை கொடுத்தனுப்ப, எங்கள் ஊர் ஜெயித்த ஆடு அதில்தான் வெந்திருந்தது.

ஆதாரத்தைக் காட்டினால் மாமாவே வாயை மூடிக்கொள்வார் என்று வெகுநாள் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தத் தெம்பில்தான் நடுவர் தேர்வு எழுதினேன்; இப்போது கல்லூரி ஆட்டங்களில் ஊதுகிறேன். முதல் கல்லூரி ஆட்டம் முடிந்ததும் என்னைக் கவனித்துக் குறை சொல்ல வந்த மூத்த நடுவர், மாமா சொன்ன கன்னுக்குட்டிக் குறையையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். மைதானத்தில் மூலைக்கு மூலை குறுக்காக ஓடக் கற்றுக்கொண்டேன். பந்தைவிட்டு ஆட்களின் இடுப்பையும் கையையும் கவனிக்கப் பழகினேன். விசிலை அழுத்தி ஊதப் பழகினேன். குறைவாகப் பேசுவதுதான் கடைசியில் வந்தது. இன்னும் முழுதாக வரவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஓர் ஆட்டம். முழங்கால்வரை சேறு. கையில் பட்டதற்குப் பெனால்டி கொடுத்தேன். பந்தின் சேறு கையில் இருக்கிறதே என்று பழைய பழக்கத்தில் சொல்லியும்விட்டேன். பந்து பட்ட பையன் இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினான். விரல் முதல் தோள்வரை சேறு.

"எந்தச் சேறு மேடம் பந்தோட சேறு? காட்டுங்க."

நான் புள்ளியைக் காட்டியபடியே நின்றேன். கூட்டம் நெருங்கியது. அப்போது அவர்களுடைய கேப்டனே வந்து அவன் தோளில் கையைப் போட்டான். "வா மச்சி, ஊதிட்டாங்க இல்ல" என்று அழைத்துக்கொண்டு போனான்.

ஆட்டம் முடிந்ததும் மாமாவுக்குப் போன் போட்டேன். அன்றைக்கு உங்கள் உடம்பு முழுக்கச் சேறுதானே என்று கேட்டேன்.

"என்னிக்கி?" என்று யோசித்தவர், "ஒங்க அத்த மசாலா அரச்சி வச்ச அன்னிக்கா? ஆமா. நல்ல ஆடுடி அது" என்றார்.

ஒரு மாஸ்டரையே ஸ்கூட்டர் ஏறவைத்த மனுஷனுக்கு என்னை விரட்ட ஒரு வார்த்தை போதும். தலைமுடிவரை சேறாக நின்றவரின் கையில் ஓர் இடத்தைத் தொட்டு ஆதாரம் என்றேன். அவரும், ஊர் மொத்தமும் பார்க்க, அதை அவ்வளவு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழாம் வகுப்புக்காரிக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தான் சரியான இடத்தைத் தொட்டுவிட்டோம் என்பதுதான்.