பின் பிரேக் பிடிக்காத வண்டி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய் என்றால் எனக்கே சிரிப்புத்தான் வரும். ஆனால் இது எனக்கே நடந்தது.

தேவராஜ மொஹல்லாவில் ஸ்கூட்டர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். பின் பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அரைகுறைகள். பிரேக் ஷூ காகிதமாகத் தேயும்வரை ஓட்டிவிட்டு வண்டியைத் திட்டுவார்கள். ஹெப்பாளில் வேலை பார்க்கும் அருண்ராஜும் அந்த ரகம்தான் என்று நினைத்தேன். வாங்கியது பழைய வண்டி, பேச்சு மட்டும் பெரிய பேச்சு.

"நாளைக்கு சௌம்யாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்ணா. ஏழு மாசம். ஒரு பக்கமாத்தான் உக்காருவா. பிரேக் கெட்டியா பிடிக்கணும்."

"விட்டுட்டுப் போ தம்பி."

கழற்றினேன். ஷூ புதுசு. கேபிள் நன்றாக இருந்தது. பிரேக்கை வழுக்கவைக்க டிரம்மில் சொட்டு எண்ணெய்கூட இல்லை. ஓட்டத் தெரியாத மூஞ்சி என்று முணுமுணுத்தபடி மாட்டி, நட்டை நன்றாக முறுக்கினேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். பின்சக்கரம் அந்தரத்தில் நிற்க வேண்டும். அது தரையில் அழுந்தி நின்றது. முன்சக்கரம் தூக்கியிருந்தது... பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போல.

தரை சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தி நேரம். ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். சந்து முனையில் பிரேக்கை அழுத்தினேன்.

பிடிக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன்...

க்ளிங்.

வளையல் சத்தம். என் முதுகுக்குப் பின்னால். ஒரு கை சட்டையை இறுகப் பிடித்தது.

"நிதானா..."

கன்னடம். மெதுவாகப் போகச் சொன்ன பெண் குரல்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தேன். மறுபடி ஏறி ஓட்ட மனம் வரவில்லை. என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது.

வண்டியை எடுக்க வந்த அருண்ராஜிடம் நடந்ததைச் சொல்லி, ஆட்டோவில் போகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ரிப்பேர் பண்ணத் தெரியலைன்னு சொல்லுங்கண்ணா. எதுக்குப் பேய்க்கதை?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.

இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் அவனுக்கு அந்த வண்டியை விற்ற புரோக்கர் மல்லப்பனுக்கு போன் போட்டேன்.

"அது யார் வண்டி?"



"குண்டலுபேட்டைக்காரன் வண்டி. பின்னாடி அவன் பொண்டாட்டி ஒரு பக்கமா உக்காந்திருந்தா. குறுக்க மாடு வந்திருச்சு..."

"பிரேக் பிடிக்கலையா?"

"பிடிச்சதுதான்யா வினை. அன்னைக்குக் காலைலதான் மெக்கானிக்கிட்ட பிரேக்கை நல்லா முறுக்கி வாங்கியிருக்கான். வண்டி சடார்னு நின்னுச்சு. அவ தூக்கியெறிஞ்ச மாதிரி விழுந்தா. அங்கேயே உயிர் போயிருச்சு."

நேற்று நானும் அதே பிரேக்கைத்தான் நன்றாக முறுக்கிக் கொடுத்திருந்தேன். உடனே அருண்ராஜை அழைத்தேன்.

"என்னண்ணா, நேத்து அப்படி பயமுறுத்தினீங்க? காலைல ஓட்டிப் பாத்தேன். பிரேக் சும்மா கெட்டியா பிடிக்குது!"

"தம்பி, வண்டியை எடுக்காதே..."

"போங்கண்ணா. சௌம்யா ஏறி உக்காந்தாச்சு."

போனை வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவே இல்லை.