பதினோரு முறை கேட்ட கேள்வி

சுகாசினிக்கு எதையும் இரண்டு முறை சரிபார்த்தால்தான் சோறு இறங்கும். முசரவாக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறாள். வேலையை விட்டதிலிருந்து அப்பா சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கையில் இருப்பது உமாபதியின் பட்டுக்கடை வேலை ஒன்றுதான். அதுவும் கெட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

உமாபதி நாற்பது வருஷமாகப் பட்டு விற்பவர். கடைக்குள் கால் வைத்தவர்களை உட்காரவைத்து, கல்யாணம் என்றைக்கு என்று கேட்காமல் ஒரு புடவையைப் பிரிக்க மாட்டார். வெப்சைட்டும் வந்தவர்களை அப்படிக் கேட்க வேண்டும் என்றார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முன்னால் வந்து நிற்கும்படி சுகாசினி ஒரு பாப்-அப் கட்டம் வைத்தாள். அதில் கேள்வி, தேதி எழுத இடம், மூலையில் மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி. குறியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"கல்யாணப் பட்டு விக்கிற எடத்துல மூடு, வேணாம்னு ஒரு வார்த்தை நிக்கக்கூடாதும்மா. இந்தக் குறியும் வேணாம்."

வேண்டாம் என்ற சொல்லைத் தடுக்க அவருக்கும் அதே சொல்தான் தேவைப்பட்டது. அதைச் சொல்லிக் காட்ட இவளுக்குத் துணிச்சல் வரவில்லை. குறியை எடுத்தாள். கட்டத்துக்கு வெளியே விரல் வைத்தால் தானாக மறையும்படி செய்தாள். வழக்கம்போல இரண்டு முறை சரிபார்த்தாள், இரண்டு முறையும் தன் பெரிய போனிலேயே.

வெப்சைட் திறந்த நாலாம் நாள் காலை, அதில் யார் யார் வந்துபோனார்கள் என்று பார்த்தவளுக்குத் திக்கென்றது. ஒரே ஆர்டரின் பக்கத்தை யாரோ பதினோரு முறை திறந்து, ஒவ்வொரு முறையும் அரை நிமிஷத்தில் வெளியேறியிருந்தார்கள். ஓடிப்போய்க் கீழே டீக்கடைக்காரரின் சின்ன போனை வாங்கித் திறந்தாள். கட்டம் திரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. வெளியே விரல் வைக்க இடமே இல்லை.

வேலூர் பொன்னி என்பவள் கடைக்கு நேரில் வந்து சொல்லிப்போன முகூர்த்தப் புடவை அது. பாவு நூலைத் தறியில் ஏற்றும்வரைதான் வெப்சைட்டில் ஆர்டரை மாற்றலாம், ரத்து செய்யலாம். அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பாவு ஏறுகிறது. அப்போது மணி பதினொன்றரை. நெசவாளர் கதிர்வேலுக்கு போன் போட்டு, பாவைத் தொட வேண்டாம் என்று கெஞ்சினாள். நல்லவேளை, அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நிறம் மாற்றுவதாகத்தான் இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டே பொன்னியைக் கூப்பிட்டாள். மன்னிப்புக் கேட்டு, என்ன மாற்ற வேண்டும் என்றாள்.

"ரத்து பண்ணத்தான்க்கா வந்தேன். கல்யாணம் நின்னுபோச்சு. வாயால சொல்ல முடியலன்னுதான் போன் பண்ணல."

சுகாசினி அப்போதே ஆர்டரை ரத்து செய்தாள். செய்துவிட்டதாகச் சொன்னாள்.

"எத்தினி தடவ தொறந்தாலும் கல்யாணம் என்னைக்குன்னே கேட்டுக்கினு இருந்துச்சுக்கா," என்றாள் பொன்னி. "கடைசில அந்தத் தேதியையே எழுதினேன். வாழ்த்துகள்னு இன்னொரு கட்டம் வந்து நின்னுச்சு."