குடிதண்ணீர் படாத சுவர்

எங்கள் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவிக்கும் பலகை வாசல் கேட்டில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசாங்கத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள், பலகை மாட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எங்களைக் காலி செய்யவும் வைத்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து நான் இருந்த வீடு. முடிவில் நானும் அண்ணனும் மட்டும்தான் அதில் மிஞ்சியிருந்தோம்.

ஆம்பூரில் இதைக் கட்டியவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. உப்பு மண்டி வைத்திருந்தார். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் பதனிடும் டேனரிக்கு அனுப்புவார்கள். அந்த உப்பை மூட்டை மூட்டையாக விற்றுச் சம்பாதித்தவர். தேக்கு உத்திரம், செங்கல்லை நிமிர்த்தி வைத்துச் சுண்ணாம்பால் பிடித்த மெட்ராஸ் டெரஸ் கூரை, முற்றத்தைச் சுற்றி வார்ப்பிரும்புத் தூண்கள் என்று எல்லாமே ஆசையாகச் செய்திருக்கிறார். கூடத்துச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு. பள்ளிக்கூடம் போகும் வயதில் அதில் முகம் பார்த்துத்தான் நான் பொட்டு வைத்துக்கொள்வேன்.

உப்பில் புரண்ட மனுஷனுக்கு உப்பைக் கண்டு பயமும் இருந்தது. மண்டியை வீட்டோடு சேர்த்துக் கட்டவில்லை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். வீட்டுச் சுவர்களுக்கு அடியில் கருங்கல் போட்டு உயர்த்தினார். வாசலில் ஒரு கல்தொட்டி. மண்டியிலிருந்து யார் வந்தாலும், அவரே வந்தாலும், கால் கழுவாமல் படியேறக் கூடாது. மண்டியை மூடிப் பல வருஷம் கழித்துப் பிறந்த நாங்களும் அந்தத் தொட்டியில் கால் கழுவித்தான் உள்ளே போனோம். மறந்துவிட்டால் அப்பா கத்துவார்: "உப்புக் காலோட உள்ள வராதீங்க! செவுத்தத் தின்னுடும்!"

அந்த அப்பாவுக்குப் பிறந்தவன்தான் என் அண்ணன்.

ஒரு மழைக்காலத்தில் கூடத்துச் சுவரில் பூச்சு உதிர்ந்தது. பட்டியலில் இருக்கிற வீடு என்பதால் நாங்களாகக் கொத்தனாரைக் கூப்பிட முடியாது. எழுதிப்போட்டு, அலைந்து, கடைசியில் சென்னையிலிருந்து இன்ஜினியர் வந்தார். சிமென்ட் கூடவே கூடாது என்றார். சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், வெல்லம். எல்லாம் பழைய முறைப்படி. கிளம்பும்போது அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்: "குடிக்கிற தண்ணியிலதான் குழைக்கணும் சார். போர் தண்ணி வேணாம்." அண்ணன் தலையாட்டினான்.

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. டேனரிக் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கி இறங்கி அது எப்போதோ உப்பேறிக் கெட்டுப்போயிற்று. குழாயெல்லாம் வெள்ளையாகப் பொரிந்து அடைத்துக்கொள்ளும். அதில் சோறு வடித்தால் வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர் வர வேண்டும். வராத நாளில் கேன். வீட்டில் அந்தத் தண்ணீருக்கு அண்ணன்தான் காவல். அதில் ஒரு தம்ளர் எடுத்து நான் வாய் கொப்பளித்தால்கூட, கூடத்திலிருந்து குரல் வரும்.

அவர் அனுப்பிய கொத்தனார்கள் வந்து பூசிய அன்று சாயங்காலம், நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது பூச்சு முடிந்திருந்தது. கூடத்தின் நடுவில் போர் மோட்டாரின் ஹோஸ் கிடந்தது.

"அண்ணா, இன்னா தண்ணில குழைச்சாங்க?"

"போர் தண்ணிதான்."

"அவ்ளோ சொல்லிட்டுப் போனாரே அந்த இன்ஜினியர்!"

"அவருக்கு இன்னா, மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு சொல்லுவாரு. ஜனங்க ஒரு கொடத்துக்கு அடிச்சிக்குது. குடிக்கிற தண்ணியக் கொண்டுபோய் செவுத்துல ஊத்துவாங்களா?"

"நாளைக்கே சுரண்டிட்டு மறுபடி பூசச் சொல்லு."

"நாமளா கை வெக்கக் கூடாதாமே. காஞ்சா எல்லாம் சரியாப்போயிடும். நீ சும்மா பேஜார் பண்ணாத."

சரியாகவில்லை. அடுத்த கோடையில் சுவர் முழுக்க உப்பு பூத்தது. பெருக்கித் தள்ளினால் மறுநாளும் பூக்கும். பூச்சு அப்பளம் மாதிரி உப்பி உதிர்ந்தது. பிறகு செங்கல்லும் விரல் பட்டாலே மாவாகக் கொட்ட ஆரம்பித்தது. உத்திரத்தின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. சுவரை இடித்துக் கட்டுகிறோம் என்று எழுதினேன். பாரம்பரியக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று பதில் வந்தது. அப்படியானால் நீங்களே சரிசெய்யுங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. கடைசியாக ஒரு அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க காலி பண்ணிடுங்க மேடம், பில்டிங்குக்கும் நல்லது" என்றார். பில்டிங்குக்கு நல்லதாம்! நாங்கள்தான் அதைக் கடித்துத் தின்றோம் என்கிற மாதிரி.

யாரைத் திட்டுவது? அந்த அதிகாரியைத் திட்டினேன். டேனரிக்காரர்களைத் திட்டினேன். தண்ணீரைக் கெடுத்துவிட்டு அவர்கள் மட்டும் சென்னையில் வீடு வாங்கிக்கொண்டார்கள். கொள்ளுத்தாத்தாவையும் விடவில்லை. தன் வீட்டுப் படியில் ஒரு கல் உப்பு ஏறக் கூடாது என்று தொட்டி கட்டியவர், ஊர் நிலத்துக்குள் எத்தனை மூட்டை இறங்கும் என்று நினைத்துப் பார்த்தாரா? அவர் விற்றது தரைக்கு அடியில் சுற்றி, மோட்டார் வழியாக, சொந்தக் கொள்ளுப்பேரன் கையாலேயே கூடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. நாங்கள் வருஷக்கணக்காகக் கால் கழுவியதெல்லாம் வீண்.

காலி செய்த அன்று காலையில் டெம்போ வந்து நின்றது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அண்ணனைக் காணோம். தெருக்குழாயில் காவிரித் தண்ணீர் வந்திருந்தது. பழக்க தோஷம், வரிசையில் நின்று குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காலிக் கூடத்தில் வரிசையாக வைத்து, மேலே தட்டுப் போட்டு மூடினான். இனி யாரும் சமைக்காத வீட்டில்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, ஒரு குடத்தைத் தூக்கி அந்தச் சுவரின் மேல் வீசி ஊற்றினேன். இன்னொன்றையும் ஊற்றினேன். சுவர் கரைந்து சேறாக வழிந்தது.

"ஐயோ, இன்னாம்மா பண்ற! குடிக்கிற தண்ணிம்மா அது!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்த அண்ணன், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஓடிய தண்ணீரைக் கையால் வழித்து வழித்துக் குடத்தில் விட்டான்.