காதுகுத்து வீட்டில் ஒரு ‘வாங்க’

சென்ற ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், நான்கு வருடமாக எட்டிப் பார்க்காத திருப்பூர் ராயபுரத்துக்குப் போக வேண்டியதாயிற்று. கடைசியாகப் போனபோது தங்கையின் கணவர் என்னை ‘வாங்க’ என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அப்படிக் கேட்டாக வேண்டும். கேட்காததைச் சிலர் மறந்துவிடுவார்கள். நான் மறப்பதில்லை.

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பழைய பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ஓட்டுநர் தென்காசிக்காரர். வாசலில் இறங்கியதும் அவரைக் காத்திருக்கச் சொன்னேன்.

“உள்ள போவலியா அண்ணாச்சி?”

“வாங்கன்னு கேட்டாப் போவனுங்க. இல்லீன்னா திரும்ப பஸ் ஸ்டாண்டுதான்.”

“காதுகுத்துக்கு வந்த மாமன் ரிட்டன் பேசுதத இப்பத்தான் பாக்கேன்” என்று சிரித்தார்.

பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாப்பிள்ளை பந்தலில் நின்றிருந்தார். என் பக்கம் திரும்பி, வாய் நிறைய, “வாங்க, வாங்க!” என்றார். ஆட்டோவை அனுப்பிவிட்டேன். தங்கை தந்த காபியில் பாதி குடித்திருப்பேன். “வாங்க சார், சாம்பிள் ரெடிங்க” என்று அவர் குரல் தொடர்ந்தது. காதில் ப்ளூடூத்.

எழுந்தேன்.

“ஏனுங்ணா, எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் தங்கை.

“உங்கூட்டுக்காரரு போனைத்தான் வாங்கன்னு கேட்டாரு.”

“காபியக் குடிச்சுப்போட்டு ரோசமா? உக்காருங்க, புள்ளை அழுவறா.”

குழந்தை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “வலிக்குமா மாமா?” என்றாள். உட்கார்ந்தேன். ஊசி இறங்கியபோது என் விரலைக் கடித்துவிட்டாள். அவள் காலைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் தலையும் என் தலையும் முட்டிக்கொண்டன.

சாப்பிட்டு முடித்து, யாரையும் பார்க்காமல், “போயிட்டு வர்றனுங்க” என்றேன். மாப்பிள்ளை என்னை நேராகப் பார்த்தார். காதில் எதுவும் இல்லை.

“சரிங்க மச்சான், வாங்க.”

வழியனுப்பவும் நம்மிடம் அதே சொல்தான். பெருந்துறை தாண்டும்வரை பஸ்ஸில் நிலைகொள்ளவில்லை. போகச் சொன்னாரா, வரச் சொன்னாரா?

இந்தப் பக்கம் விசேஷத்துக்குப் போகிறவர்கள் ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாளில் கம்பெனி விடும் நேரத்து நெரிசலில் சிக்கிக்கொள்வீர்கள். யாராவது ‘வாங்க’ என்றால் முதலில் அவர் காதைப் பாருங்கள். என் சந்தேகத்தைப் பொங்கலுக்குச் சீர் கொண்டுபோய்த்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அன்றும் ஆட்டோவைக் காத்திருக்கத்தான் சொல்வேன்.