போல்ட்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வைத்திருப்பவன் பாதி நேரம் சுடுகிறான், மீதி நேரம் துடைக்கிறான். சுடும்போது கிளம்பும் புகையின் வேகத்தில்தான் அது காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். அதே புகையின் கரி உள்ளே படிந்து அதை நிறுத்தியும் விடும். தாம்பரம் பக்கத்து ஈரக் காற்றுக்குப் பயந்து எண்ணெயை ஊற்றினால், எண்ணெயும் கரியும் சேர்ந்து களிம்பாகிவிடும். ஊற்றாவிட்டால் துரு. வசதியுள்ளவர்கள் இரட்டைக்குழல் வைத்திருப்பார்கள். மடக்கித் திறந்து தோட்டாவைப் போட்டால் அதன் ஜோலி முடிந்தது. சம்பளக்காரனான எனக்கு வாய்த்தது இதுதான்.

ஆயுத பூஜை வந்தால் என் மனைவி ஸ்கூட்டர், மிக்ஸி, லேப்டாப் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியில் துப்பாக்கியிடம் வருவாள். "இரும்புல வெக்காத, கட்டைல வெச்சுக்கோ" என்று வருஷா வருஷம் சொல்வேன். "கட்டையா சுடுது? சுடறது எதுவோ அதுக்குத்தான் வெப்பேன்" என்பாள். தோட்டா வெளியேறும் திறப்பில் தெரியும், முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை ஏற்றும் இரும்புத் துண்டான போல்ட்டின் மேல், சரியாக அந்த இடத்தில், விரல் நுனியால் சந்தனம், நடுவில் குங்குமம். விஜயதசமிக்கு மறுநாள் நான் முணுமுணுத்துக்கொண்டே துடைப்பேன். "ஒரு தடவையாவது நேஷனல்ஸ் போட்டிக்குப் போயிட்டு வந்து அப்புறம் பேசுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

போன வருஷம் துடைக்கவில்லை. விஜயதசமி அன்று இரவே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டாள். நான் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுக்கச் சொன்னேன், ஆபீசுக்குப் போனேன், சாப்பிட்டேன். வைராக்கியமெல்லாம் இல்லை. மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு தேர்தல் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நானும் ஒப்படைத்தேன். துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்து ஸ்டோர் ரூமில் வைத்தார்கள். ரிசல்ட் வந்த பிறகு போய் வாங்கி வந்து, குழலில் மட்டும் ஒரு துணியை ஓட்டிவிட்டு, பயிற்சிக்கு எடுத்துப்போனேன்.

எங்கள் போட்டியில் பறக்கும் களிமண் தட்டை இரண்டு முறை சுடலாம். முதல் குண்டு தவறினால் இரண்டாவதுதான் கதி. அன்று எனக்கு இரண்டாவது வரவே இல்லை. காலித் தோட்டா உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் நின்று சுட்டவர் கோவிலம்பாக்கத்துக்காரர். அப்பா காலத்தில் விவசாயம், இவர் காலத்தில் பிளாட்டும் கடை வாடகையும். அவரிடமும் என்னுடையதைப் போன்ற துப்பாக்கிதான்.

"இன்னா சார், மாட்டிக்கிச்சா? குடு பாக்கலாம்" என்று வாங்கி, போல்ட்டைப் பின்னால் இழுத்துக் குனிந்து பார்த்தார். "அட, சந்தனம் கீது சார்! காஞ்சி கல்லு மாதிரி கொக்கி சந்துல பூந்துகினு கீது. கொக்கி அசையலன்னா காலி தோட்டாவ எது புடிச்சி இழுக்கும்?"

பையிலிருந்து பித்தளை பிரஷை எடுத்துவிட்டார்.

"தொடாதீங்க!"

நான் போட்ட கத்தலில் சுடுதளமே திரும்பிப் பார்த்தது. எனக்கே அது வேறு யாரோ கத்தியது போலத்தான் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்தான். பிரஷைப் பைக்குள் வைத்தார்.

"சரி சார், நான் தொடல. ஆனா இத்த எடுக்காம இது வேலைக்கு ஆவாது. வர்ற ஞாயித்துக்கெழம நேஷனல்ஸுக்கு செலக்சன். நீயே யோசிச்சிக்கோ."

ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் தினமும் சாயங்காலம் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவள் புடவைகளை மகள் எடுத்துப்போய்விட்டாள். சமையலறையில் டப்பாக்களைச் சமையல் செய்ய வரும் அக்கா இடம் மாற்றிவிட்டாள். என் மனைவியின் கை பட்டு, பட்டபடியே இருந்த இடம் வீட்டில் இது ஒன்றுதான். குங்குமம் கறுத்திருந்தது. சந்தனத்தின் ஓரத்தில் துரு கட்டியிருந்தது. இதை வைத்துக்கொண்டால் நேஷனல்ஸ் இல்லை. நேஷனல்ஸ் போ என்று நச்சரித்தவளும் அவள்தான். சனிக்கிழமை வரை ஒரு முடிவும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். ஒரு நிமிஷ வேலை. பொடியாக உதிர்ந்து துணியில் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன், எண்ணெய் வாடைதான் வந்தது. கொக்கியை விரலால் அழுத்தினேன், அசைந்தது. துணியைக் குப்பையில் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதும் மனதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் போட்டியில் ஒவ்வொரு தட்டுக்கும் துப்பாக்கி சிக்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வேண்டிக்கொண்டேன். சிக்கவே இல்லை. காலித் தோட்டாக்கள் ஒழுங்காக விழுந்துகொண்டே இருந்தன. கடைசியில் என்னைத் தேர்வு செய்துவிட்டார்கள். கோவிலம்பாக்கத்துக்காரர் கட்டிப்பிடித்து, "மிசினு பட்டு மாதிரி ஓடுது சார்!" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து, வழக்கம்போலத் துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்தேன். போல்ட் சுத்தமாக இருந்தது. யாருமே அதைத் தொட்டதில்லை என்பது போல இருந்தது. அவள் செத்துப்போய்விட்டாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் பொத்திக்கொண்டு அழுதேன்.