கண்ணைக் கட்டி வரைந்த முகம்

அந்தச் சிவப்பு நீலப் பென்சில் நியாயப்படி எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். இதை நான் இன்றும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்த புதிது. சித்தப்பா அங்கே ஒரு கம்பெனியில் இயந்திர உறுப்புகளுக்குப் படம் போடும் வேலையில் இருந்தார். வாரம் முழுக்க மயிரிழை பிசகாமல் கோடு இழுப்பவர், ஞாயிற்றுக்கிழமையானால் அதற்கெல்லாம் பழிவாங்குவதுபோல் கிறுக்குவார். அன்று கழிவுத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஓர் ஆட்டம் கண்டுபிடித்தார். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, ஒரு கையால் தன் முகத்தைத் தடவியபடியே மறு கையால் அதை வரைய வேண்டும். அவருடைய ஆபீஸ் பென்சிலின் நீல முனை மட்டும்தான், மறு முனைச் சிவப்பைத் தொடக் கூடாது. யாருடைய படம் அச்சாக அவரைப்போலவே வருகிறதோ அவருக்குப் பென்சில் பரிசு. எங்கள் வகுப்பில் யாரிடமும் அப்படியொரு பென்சில் கிடையாது.

முதலில் நான். பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தேன்.

“இன்னா பாப்பா, ஸ்கூல் குரூப் போட்டோவுக்கு நிக்கிற கணக்கா வெறச்சிகினு கீறே? கைய லூசா வுடு” என்றார் சித்தப்பா.

விட்டேன். கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மூக்கு காதுப் பக்கம் போயிருந்ததே தவிர, இரட்டைப் பின்னல், தெற்றுப்பல் எல்லாம் இருந்தன. அடுத்து அம்மா. “இன்னாய்யா இது, மார்க்கெட்டுப் பூசணிக்காயாட்டம் கீது!” என்று அவளே சிரித்தாள். பென்சில் என் கைக்கு வந்துவிட்ட மாதிரிதான்.

கடைசியாக அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தங்கை. நூம்பலில் புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அடுக்களையை விட்டு அதிகம் வெளியே வராதவள். “எனுக்கு இன்னாத்துக்குண்ணே இதெல்லாம்” என்றவளைச் சித்தப்பா இழுத்து உட்காரவைத்தார். தாடை, வாய் என்று தடவித் தடவி வரைந்தாள். தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நெற்றிக்குப் போன விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. பென்சிலைத் திருப்பி, சிவப்பு முனையால் புருவங்களுக்கு நடுவே வட்டமாகச் சுழற்றினாள்.

அப்பட்டமான அழுகுணி ஆட்டம்!

“சித்தப்பா! அத்தே செவப்புல போடுது! அத்தே நெத்தியில பொட்டே கெடையாதே, அப்புறம் எப்டி அது அத்தே மூஞ்சி ஆவும்?”

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். அத்தையின் தாளை உருவினார். எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டார். திரும்பி வந்து என்னை அறைந்தார். சிவப்பைத் தொட்டவளுக்கு ஒன்றுமில்லை, சொன்னவளுக்கு அடி.

“அது போட்டா உனுக்கு இன்னாண்ணே?” என்றார் சித்தப்பா.

“நாலு பேர் மூஞ்சில முழிக்கணுமா, வாணாமா?” என்றார் அப்பா.

சித்தப்பா பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் படத்தை ஒருவரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். அத்தை தேடி வந்தாள். கண்ணில் கட்டியிருந்த துண்டை அவள் அவிழ்ப்பதற்குள் தாள் எரிந்து முடிந்திருந்தது. என் கன்னத்தைத் தடவிவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

“கண்ணு, நீ பாத்தியே... எனுக்கு நல்லா இருந்துச்சா?”

ஆட்டத்தையும் கெடுத்துவிட்டு மார்க் வேறு கேட்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மூக்கு கோணல்” என்று வெடுக்கென்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் மூக்கைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.