கம்மாபுரத்தில் என் தம்பி தட்டிப் பார்த்த வேன்

என் தம்பி அறிவழகன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை செய்கிறான். சூளையிலிருந்து வரும் சரக்கைச் சின்ன மரக்கட்டையால் தட்டிப் பார்த்துப் பிரிப்பது அவன் வேலை. நல்ல சரக்கு மணி போல ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் ‘டொக்’கென்று அமுங்கிப்போகும். அவன் ஒதுக்கிய சரக்கை யாரும் திருப்பி எடுத்துப் பார்ப்பதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சரக்கு கழிப்பறைப் பீங்கான் என்பதை நான் வெளியில் சொல்வதில்லை. அவனுக்குப் பெண் கேட்டுப் போன வீடுகளில் எல்லாம் ‘குவாலிட்டி பார்க்கிறான்’ என்று மட்டும் சொன்னேன்.

கல்யாணம் அமையவில்லை. அவனும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுத்து, பனிமலை வரைக்கும் போய்வர வேண்டும் என்பதுதான் பல வருடமாக அவன் ஆசை. திருப்பதிக்கு வடக்கே அவன் போனதே கிடையாது. கம்மாபுரத்தில் பச்சமுத்து என்பவர் அப்படி ஒரு பழைய வேனை விற்கிறார் என்று தெரிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவர் மனைவி ஆண்டாளம்மாவுக்கு முழங்கால் வலி, வேனில் ஏறி இறங்க முடியவில்லை, அதனால் விற்கிறார்கள்.

ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், சேசிஸ் நம்பர் எல்லாம் நான்தான் பார்த்தேன். படுக்கை வசதி செய்ததையும் ஆர்.சி.யில் முறையாக ஏற்றியிருந்தார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி அது. உழுது போட்டிருந்த கொல்லையில் தம்பி அதை ஓட்டினான். மண்கட்டிகள் மேல் ஏறி இறங்கித் திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளை போலச் சிரித்தான். வேடிக்கை பார்க்கத் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

கீழே இறங்கியவன், பழக்க தோஷத்தில் வண்டியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தான். முன்கதவு கணீரென்றது. பக்கத் தகடு டொக்கென்றது. மறுபடியும் தட்டினான். அதே சத்தம்.

“அய்யா, இது சரியில்லிங்க. அடிபட்ட வண்டிய பட்டி பூசி மறைச்சிருக்கீங்க” என்றான், எல்லோர் காதிலும் விழும்படி.

பச்சமுத்துவின் முகம் கறுத்தது. “என்னா தம்பி சொல்ற? என்ன திருடங்கிறியா?”

நான் சும்மா இருந்திருக்கலாம். “என் தம்பி காது பொய் சொல்லாதுங்க” என்றேன்.

ஆண்டாளம்மா வீட்டுக் கதவைப் பிடித்து இறங்கி, மெல்ல நடந்து வந்தார். “ஏம்பா, உன் வூட்ல ஃப்ரிட்ஜு இருக்குதா? அதத் தட்டினா எப்டி கேக்கும்?”

ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுவரச் சொல்லி, உள்பக்கப் பலகையைத் தம்பியையே கழற்ற வைத்தார். பட்டியும் இல்லை, துருவும் இல்லை. தகட்டின் பின்னால் வெயிலும் குளிரும் தாங்குகிற ஃபோம், ஓர் இடுக்கு விடாமல் ஒட்டியிருந்தது.

“ரெண்டு மாசம் குனிஞ்சி குனிஞ்சி நானே வெட்டி ஒட்டினது” என்றார் ஆண்டாளம்மா.

“என்னா வேலப்பா பாக்குற நீ?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தம்பி மறைக்காமல் சொன்னான்.

“கக்கூஸ் தட்டுறவரு வேன தட்ட வந்துட்டாருடா!”

தெருவே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “வாடா போவலாம், ஊருல வேற வண்டியே இல்லியா” என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வுடுக்கா. அவங்க சிரிக்கிறதுல என்னா இருக்குது? அம்மா செஞ்ச வேலய நான் திருட்டுத்தனம்னுட்டேன்.”

பச்சமுத்து, “உனக்கு இந்த வண்டி கெடையாது, கெளம்பு” என்று வீட்டுக்குள் போய்விட்டார். தம்பி கிளம்பவில்லை. தெருக்காரர்கள் பக்கம் திரும்பி, “நான் சொன்னது தப்புங்க. வண்டி சுத்தமா இருக்குது. இது உள்ள மெத்து வெச்ச வண்டின்னு தெரியாம உளறிட்டேன்” என்றான். பிறகு பலகையைப் பழையபடி பொருத்தி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினான். நானும் சேர்ந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஆண்டாளம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசி ஸ்க்ரூ முடிந்ததும் உள்ளே போனார். கொஞ்ச நேரம் புருஷனும் பெண்டாட்டியும் பேசும் சத்தம் கேட்டது. சாவியோடு ஆண்டாளம்மா மட்டும் வந்தார்.

தம்பியிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். என்னிடம் வந்தார். “நீங்கதான் எல்லாத்தயும் சரியா பாக்குறவங்க மாதிரி தெரியுது. உள்ள ஏறுங்க, காட்டுறேன். எங்க வூட்டுக்காரருக்கு நாலு தடவ சொன்னாலும் மறந்துடும்.”

தான் ஏற முடியாமல் கீழே நின்றபடியே, கேஸை எப்படி மூடுவது, தண்ணீர்த் தொட்டியை எப்படிக் கழுவுவது என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தை ஒரு தடவைகூட என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.